ரெஜினாவின் சோமாஸ் மட்டும் ஏன் வெடிப்பதில்லை

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நேற்று காய்ந்த துணி இன்று மறுபடி ஈரம். கம்பெனி பஸ் பத்து நிமிடம் லேட். உள்ளே ஈரக் குடை, தோல் ஷாப் நாற்றம், யார் தலையிலோ மல்லி. மூன்றும் சேர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டே ஆம்பூர் என்று சொல்லிவிடலாம்.

வாங்க: மைதா 2 கி., ரவை கால், பொ.கடலை அரை, சர்க்கரை, ஏலம், கொப்பரை, கசகசா (விலையைக் கேட்ட பிறகு யோசிக்க), டால்டா. பூரிக்கட்டைப் பிடி ஆடுகிறது. இவரிடம் சொல்லி ஆணி. (ஆடி மாதமே சொன்னேன்.)

மத்தியானம் நிவேதா போன். கல்யாணமாகி ஐந்து மாதம். தலை தீபாவளி. ஞாயிறு சாயங்காலம் ஜோலார்பேட்டையிலிருந்து மாப்பிள்ளையோடு வருகிறாள்.

"இன்னாடி செய்யட்டும்? சொல்லு."

"ஒண்ணும் செய்யாதம்மா, முட்டி வலிய வெச்சிக்கினு. சோமாஸ் மட்டும் ரெஜினா அக்காகிட்ட சொல்லிடு. அவர்கிட்ட அதப் பத்தி சொல்லி வெச்சிருக்கேன்."

"எதப் பத்தி?"

"ரெஜினா அக்கா சோமாஸ் பத்திதான்."

பெற்றவள் நான். பத்தியம் இருந்தவள் நான். மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருப்பது பக்கத்து வீட்டுக்காரியின் சோமாஸைப் பற்றி.

"சரி, சொல்லிடறேன்" என்றேன். சொல்லப் போவதில்லை. இந்தத் தீபாவளிக்கு மாப்பிள்ளை வாயில் போகிற முதல் சோமாஸ் என்னுடையது. அதைக் கடித்துவிட்டு நிவேதா "அம்மா செஞ்சதுங்க" என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அக். 15, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

நேற்று எழுதியதைப் படித்தேன். ஏதோ எனக்கு ரெஜினா மேல் பொறாமை என்பது போல இருக்கிறது. அப்படி எல்லாம் இல்லை. நல்ல பெண். நான்கு வருஷம் முன்பு அரக்கோணத்திலிருந்து வந்தாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். கம்பெனியிலும் என் எதிர் மேஜை. செருப்பு மேல்தோலின் ஓரம் மடிக்கிற வேலை. வேலை கற்றுக்கொடுத்தது நான்தான். பொறாமை இல்லை என்பதால் சும்மா கவனித்ததை மட்டும் எழுதுகிறேன்:

– வயது 38. இடுப்பு இருக்கிறது. அதாவது தெரிகிறது.
– எண்ணெயில் நின்றாலும் முகத்தில் வழியாது. நான் அப்பளம் பொரித்தாலே முகத்தில் இன்னொரு அப்பளம் பொரிக்கலாம்.
– யார் எதைக் கேட்டாலும் சிரிப்பு. இதற்கு என்ன அவசியம்?
– போன கிறிஸ்துமஸ். தட்டு நிறைய சோமாஸ் கொண்டுவந்து கொடுத்தாள். ஓரம் கயிறு திரித்த மாதிரி. ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஒரு பொட்டு கருப்பு இல்லை. நிவேதா எட்டு தின்றாள். எண்ணினேன். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் தட்டாகக் கொடுக்கக்கூடாது என்று சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் கம்மியாக.

என் சோமாஸ் வெடிக்கும். கல்யாணமான வருஷத்திலிருந்தே வெடிக்கிறது. எண்ணெயில் போட்டதும் வாய் திறந்து, பூரணம் கொட்டி, சர்க்கரை கருகி, மிச்சமிருப்பதெல்லாம் கரும்புள்ளி குத்திக்கொண்டு வெளியே வரும். நிவேதா சின்னப் பெண்ணாக இருந்தபோது தெருப் பிள்ளைகளிடம் சொல்வாள்: "நீங்கல்லாம் வெளிய வெடிங்க. எங்கம்மா உள்ள வெடிக்கிறாங்க."

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே ரெஜினாவிடம் போட்டு வாங்கப் பார்த்தேன்.

"ஏன் ரெஜினா, உன் சோமாஸு மட்டும் எப்டி வெடிக்கவே மாட்டேங்குது?"

"இன்னாக்கா இருக்குது அதுல. மாவ நல்லாப் பெசையணும், அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். நான் என்ன மாவைக் கொஞ்சிக்கொண்டா இருக்கிறேன்? மறைக்கிறாள். முட்டைக் குழம்பு கொஞ்சம் வைத்தாள். நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

அக். 16, வியாழன்

நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது.

சாயங்காலம் ஜல்லிக்கரண்டி கேட்கிற சாக்கில் ரெஜினா வீடு. என்னிடம் மூன்று இருக்கின்றன. சமையலறையை ஒரு நோட்டம். அதே மைதா, அதே கம்பெனி டால்டா. பூரிக்கட்டை என்னுடையதைவிடப் பழசு. ஒரு தடயமும் கிடைக்கவில்லை. கரண்டியோடு அரை சீப்பு வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினாள். வேவு பார்க்க வந்தவளுக்கு வாழைப்பழம்.

நிவேதா மெசேஜ்: ரெஜினா அக்காகிட்ட சொல்ட்டியா? நான்: சொல்லிட்டேன். பெற்ற பெண்ணிடம் பொய். எண்ணிக்கை: ஒன்று.

இவர் சாப்பிடும்போது, "அவங்ககிட்டயே சொல்லிடேன், பேஜார் இல்லாம முடிஞ்சிடும்" என்றார். அப்புறம் ரசம் மட்டும்தான் ஊற்றினேன். கூட்டு இருந்தது. காட்டவில்லை.

அக். 18, சனி

வெயில். கம்பெனி அரை நாள். மெஷினுக்கெல்லாம் உறை போட்டு மூடிவிட்டு ஒரு மணிக்கு பஸ்.

நேற்று முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக நான் என்ன செய்கிறேன்? ஓரம் ஒட்டுகிறேன். தோலின் இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவ வேண்டும். உடனே ஒட்டக்கூடாது. காய விட வேண்டும். விரல் வைத்தால் பிசுக்கென்று இருக்க வேண்டும், ஆனால் கையோடு வரக்கூடாது. அந்தப் பதத்தில் மடித்துத் தட்டினால் செருப்பு தேயும், ஓரம் பிரியாது. என் கை மடித்த ஓரம் சீமைக்கெல்லாம் போகிறது. ஒரு வெள்ளைக்காரியும் இதுவரை வாய் பிளந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு சோமாஸை ஒட்ட முடியாதா?

மைதாவைத் தண்ணீரில் கரைத்துப் பசை. பூரி தேய்த்து, பூரணம் வைத்து, ஓரம் முழுக்க இரண்டு பக்கமும் பசை தடவி, முப்பது பூரியையும் ஃபேனுக்குக் கீழே செய்தித்தாளில் பரப்பிக் காய விட்டேன். பதினைந்து நிமிடம். விரல் வைத்துப் பார்த்தேன். பதம். முதலில் பாதியை மடித்து, கரண்டிக் காம்பால் தட்டு தட்டென்று தட்டினேன். இவர் எட்டிப் பார்த்து, "இன்னா, கம்பெனி லைன் வீட்லயே ஓடுதா?" என்றார்.

எண்ணெயில் ஐந்து போட்டேன். ஒரு நொடி அமைதி. அடுத்த நொடி ஐந்தும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. இத்தனை வருஷத்தில் ஒன்று இரண்டாவது தப்பிக்கும். இன்று ஒன்று பாக்கி இல்லை. அடுத்த ஐந்து. அதற்கு அடுத்த ஐந்து. சட்டியில் பூரணம் கருகிப் புகை. மிச்சத்தைப் போடக் கை வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாளை சாயங்காலம் வருகிறார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம்: "அக்கா! இன்னா தீயுது?"

"ஒண்ணுமில்ல!"

"ஒண்ணுமில்லாததா இவ்ளோ பொக?" அடுத்த நிமிடம் ஆள் சமையலறையில்.

செய்தித்தாளில் காய்கிற மிச்சப் பூரிகளைப் பார்த்தாள். பசைக் கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"அக்கா! சொல்யூஷன் மாதிரி காய வுட்டீங்களா? இது மாவுக்கா! காஞ்சா எப்டி ஒட்டும்?"

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அல்லது அழுதேன். புகையில் இரண்டுக்கும் ஒரே முகம்.

அவளே புது எண்ணெய் வைத்தாள். ஒரு உருண்டையை எடுத்துத் தேய்த்தாள். அப்புறம் செய்ததுதான் விஷயம். பூரியைச் சுற்றி ஓரத்தை மட்டும் கட்டையின் நுனியால் இன்னொரு முறை அழுத்தி மெல்லிசாக்கினாள். நடு தடிப்பு, ஓரம் காகிதம். பூரணம் வைத்து, ஈர விரலால் ஒரு கோடு, உடனே மூடி, ஓரத்தைக் கயிறு மாதிரி மடித்துக்கொண்டே போனாள். எண்ணெயில் போட்டாள். வாயே திறக்கவில்லை. ஊமை மாதிரி பொன்னிறமாகிக்கொண்டு கிடந்தது.

"அது இன்னா, ஓரத்த மட்டும் தேச்சே?"

"ஸ்கைவிங்தான்க்கா."

"இன்னாது?"

"நீங்கதானக்கா சொல்லிக் குடுத்தீங்க. நான் சேந்த மொத நாளு. 'தோலு ஓரத்தச் சீவாம மடிச்சா ரெட்டைத் தடிப்பா நிக்கும், நாளைக்கி வாயப் பொளக்கும்'னு. மண்டைல கொட்டி வேற சொன்னீங்க. அதுக்கு முன்னாடி என்னுதும் வெடிச்சிக்கினுதான் இருந்துச்சு. அந்த கிறிஸ்மஸுக்கு செய்யும்போது ஞாபகம் வந்துச்சு, ஓரத்தச் சீவிப் பாத்தேன்."

"புதன்கெழம கேட்டப்ப ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாததான்னு நெனச்சேன்."

இதைக் கேட்டதும் பொறாமை குறைந்திருக்க வேண்டும். இரண்டு மடங்கானது. என் வேலை. என் வாய்ச் சொல். என் கொட்டு. இருபத்திரண்டு வருஷம் என் விரலிலேயே இருந்தது, கம்பெனி கேட்டைத் தாண்டி என்னோடு வீட்டுக்கு வரவில்லை. அவளோடு மட்டும் பஸ் ஏறிப் போயிருக்கிறது.

ஐம்பது செய்தோம். நாற்பது அவள், பத்து நான். என்னுடையது வெடிக்கவில்லை. ஆனால் ஓரம் தாம்புக்கயிறு. அவளுடையது தாலிக்கயிறு. ஒரே டப்பாவில் கலந்து போட்டேன். வேண்டுமென்றுதான்.

போகும்போது கேட்டாள்: "தல தீவாளிக்கி நிவேதா வர்றாளா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே செஞ்சி வெச்சிருப்பேனேக்கா."

"உனக்கு எதுக்கு சிரமம்னுதான்" என்றேன். பொய் எண்ணிக்கை: இரண்டு.

அக். 20, திங்கள். தீபாவளி

விடியும் முன்பே எண்ணெய்க் குளியல். தூறல், ஊதுபத்தி, வெடிமருந்து. மாப்பிள்ளை புது வேட்டியில் நடக்கத் தெரியாமல் நடக்கிறார். நல்ல பையன். கேட்டால் பேசுவார்.

நேற்று வந்ததிலிருந்து சோமாஸ் டப்பாவைத் தொட விடவில்லை. குளித்துவிட்டு வந்ததும் தட்டில் அடுக்கி வைத்தேன். என்னுடையவற்றை மேலே வைக்கத்தான் பார்த்தேன். அவசரத்தில் எப்படியோ ஆகிவிட்டது.

நிவேதா கடித்தாள். கண்ணை மூடினாள். "சொன்னேன்ல? இதாங்க ரெஜினா அக்கா சோமாஸு!"

அந்த நேரம் பார்த்து வாசலில் ரெஜினா. தீபாவளி சொல்ல வந்தவள். நிவேதா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "அக்கா, தேங்க்ஸ்கா! அம்மா போன வாரமே உங்ககிட்ட சொல்லிட்டாங்களாம்ல?"

ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் பார்த்தது காலண்டரை.

"சொன்னாங்க" என்றாள் ரெஜினா. "எனக்குத்தான் முடியாமப் போச்சு. இது பூரா உங்கம்மா கையி. நான் சும்மா வாய் பாத்துக்கினு உக்காந்திருந்தேன்."

நிவேதா என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீயா?"

இப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன். கொஞ்சமாகத்தான். ஆனாலும் ஆட்டினேன்.

"அம்மா செஞ்சதுங்க" என்றாள் மாப்பிள்ளையிடம். ஒரு வாரமாக நான் கேட்க ஏங்கிய அதே இரண்டு வார்த்தை. என் கையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "பிரமாதம்மா" என்றாள்.

ரெஜினா அதே சிரிப்பு. ஒரு கண்கூடச் சிமிட்டவில்லை. சிமிட்டியிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். விட்டுக்கொடுப்பதிலும் என்னைவிட ஒரு படி மேலே. ஓரம் மடிக்கிற மாதிரியே சுத்தமாக, ஒரு பிசிறு வெளியே தெரியாமல்.

அவளுக்குத் தட்டு கொடுத்தேன். அதிரசம், முறுக்கு, சுண்டல். சோமாஸ் வைக்கப் போய்க் கூச்சமாக இருந்ததால் வைக்கவில்லை. நாற்பது செய்தவளுக்கு ஒன்றுகூட இல்லை.

அக். 22, புதன்

மழை விடாமல். நேற்று மத்தியான வண்டிக்கு அவர்கள் போய்விட்டார்கள். வீடு அகலமாகிவிட்டது. டப்பாவில் மிச்சம் ஏழு, நமுக்க ஆரம்பித்துவிட்டன.

ஏழையும் எடுத்துக்கொண்டு ரெஜினா வீட்டுக்குப் போனேன். "நிவேதா உன்கிட்டதான் சொல்லச் சொன்னா. நான்தான் சொல்லல" என்றேன். "தெரியும்கா, டீ குடிக்கிறீங்களா?" என்றாள். குடித்தேன். இஞ்சி போட்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

வந்ததும் நிவேதாவுக்குப் போன். தைரியம் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று.

"நிவேதா, அந்த சோமாஸு..."

"ரெஜினா அக்கா செஞ்சது. தெரியும்மா. மடிப்பப் பாத்தா தெரியாதா?"

"அப்புறம் ஏன்டி 'அம்மா செஞ்சது'ன்னே?"

"உன் மூஞ்சப் பாத்தேன். சொல்லணும்போல இருந்துச்சு."

அவள் வீட்டுப் பக்கம் ரயில் ஒன்று நீளமாகக் கூவிக்கொண்டு போனது.

"எல்லாமே அவளுது இல்லடி. பத்து என்னுது."

"அதுவும் தெரியும். தட்டுல ரெண்டு இருந்துச்சு. ஓரம் தடிதடியா."

"சாப்ட்டியா?"

"அவரு சாப்ட்டாரு. ரெண்டையும்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலம்மா. சாப்ட்டாரு. வெச்சிடறேன், பால் பொங்குது."

ஒன்றும் சொல்லவில்லையாம். ரெஜினாவுடையதைச் சாப்பிட்டுவிட்டு ஏதாவது சொன்னாரா என்று கேட்க விட்டுப்போனது. மறுபடி போட்டேன். பிஸி. மறுபடி போட்டேன்.