கார் நிற்கும் இடம்

குட்டியின் அப்பாவுக்கு,

குட்டி நலம். என்னைப் பற்றி நீங்கள் கேட்கப்போவதில்லை.

வாசலில் உங்கள் கார் நிற்கும் இடத்தில் பழைய பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறேன். இன்று காலை எதிர்வீட்டு டெய்லர் அதை ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் வேனை நிறுத்தினார். சும்மா விடுவேனா? தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டேன்.

"வராத காருக்கு எதுக்கும்மா இடம்?" என்றார்.

"யாரு சொன்னா வராதுன்னு? வெள்ளிக்கிழமை வர்றாரு."

வாய் தவறிச் சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் உடனே வேனை எடுத்தார். அவர் மனைவியே நாற்காலியைத் துடைத்துத் திரும்பப் போட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அங்கே உங்களோடு இருக்கிறவளிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவீர்களோ, அது உங்கள் பாடு. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் காரை இங்கே நிறுத்துங்கள். வீட்டுக்குள் வர வேண்டாம்.

ஹாரனை மட்டும் எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அடியுங்கள்.

இந்த வாசலிலிருந்து,
உங்கள் மனைவி