பரண்மேல் போட்ட தாம்புக்கயிறு

மாமா,

இன்று ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலி என்னை விடமாட்டேன் என்றது. முட்டிவலிக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண், "கைய ஊனாம எழுந்திருங்கம்மா" என்றாள். எழப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டாம் முறை எம்பியபோது நாற்காலி கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன்னால், ஆரணி வீட்டுக் கூடத்தில், ஈஸிசேரிலிருந்து நீங்கள் எழப் பார்க்கும்போது வரும் சத்தம். முதல் எம்பலுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று. பிறகு உங்கள் குரல். "அம்மா, கொஞ்சம் கை குடு."

"தொடையில சதை கரைஞ்சிருக்கும்மா. உக்காந்தே இருந்தா அப்படித்தான். ஆனா வேலை குடுத்தீங்கன்னா எந்த வயசுலயும் கொஞ்சமாச்சும் திரும்ப வரும்" என்றாள் அந்தப் பெண். நல்ல சேதிதான் சொன்னாள். எனக்குத்தான் உங்கள் கால்கள் ஞாபகம் வந்தன.

நான் மருமகளாக வந்தபோது நீங்கள் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தீர்கள். எழுபதுகளின் கடைசியில் உங்கள் மகனுக்கு ஆபீஸ் வேலை கிடைத்ததும், "மூட்ட தூக்கினது போதும்பா" என்று நிறுத்திவிட்டார். மில்லை விட்டீர்களே தவிர, உங்கள் உடம்பு சும்மா இருக்கவில்லை. விடிந்ததும் பின்கட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவீர்கள். தொட்டி நிரம்பும், அண்டா நிரம்பும், அதன்பின் பக்கத்து வீட்டுக் குடங்கள் வரிசையில் நிற்கும். வாளியின் கைப்பிடி விரலை அறுக்கிறது என்று நீங்களே அதில் செம்புக் கம்பி சுற்றியிருந்தீர்கள். நான் இடுப்பில் குடத்தோடு தள்ளாடினால், "நீ இந்த ஒரு கொடத்த உள்ள கொண்டும்போறதுக்குள்ள நான் ஒரு லாரி லோடு ஏத்திடுவேன்" என்பீர்கள். கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

எதிர்வீட்டு அம்மாதான் ஆரம்பித்து வைத்தார்கள். ஒரு காலையில் நெசவுக்காரர்கள் தறியில் ஏற்றுவதற்காகத் தெரு நீளத்துக்குப் பட்டுநூலைப் பாவாக நீட்டிக்கொண்டிருந்தார்கள். பாவு நீட்டுகிறவர்கள் குடிக்கட்டும் என்று நீங்கள் ஒரு குடம் தண்ணீரைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தீர்கள். அந்த அம்மா தெருவே கேட்கும்படி, "இன்னாம்மா, பெரியவரு தண்ணி தூக்கினு வராரு, நீ உள்ள இன்னா பண்ணிகினு கீற?" என்றார்கள்.

என் மானம் போயிற்று. மாமனாரை வேலை வாங்குகிறவள் என்ற பேர் எனக்கு வேண்டாம் என்று உங்கள் மகனிடம் அழுதேன். அவர் ஈஸிசேர் வாங்கிவந்தார். நீங்கள் அதில் துண்டைக் காயப்போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனீர்கள். மறுநாள் நீங்கள் சலூனுக்குப் போயிருந்த நேரத்தில், கிணற்றிலிருந்து தாம்புக்கயிற்றை அவிழ்த்து, சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டேன்.

"கயிறு எங்கம்மா?"

"இத்துப்போய் அறுந்துடுச்சு மாமா. அவரு வாங்கினு வருவாரு."

"நானே ஜல்தியா பஜாருக்குப் போய் வாங்கினு வந்துடறேனே."

"வேணாங்க மாமா. அதான் தெருவுல கொழா வந்துடுச்சே."

மருமகள் பேச்சை மீற வேண்டாம் என்று இருந்துவிட்டீர்கள். சில நாள் கிணற்றடிக்குப் போய் வெறும் ராட்டினத்தைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். பிறகு அதுவும் நின்றது. சோறு சேருக்கே வந்தது, தண்ணீரும் சேருக்கே வந்தது. "மருமவள்னா இப்பிடி இருக்கணும்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மூட்டை சுமந்து உரமேறியிருந்த உங்கள் கெண்டைக்கால் மாதத்துக்கு மாதம் வற்றியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வயசாகிறது என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். சாக்கு பிரிந்து, கயிறு உங்கள் காலடியில் வந்து விழுந்தது. கயிற்றை எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் இழுத்துப் பார்த்தீர்கள். அறுந்த இடம் எங்கும் இல்லை. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "கை குடும்மா" என்று மட்டும் சொன்னீர்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனீர்கள். ராட்டினத்தில் கயிற்றைப் போட்டு, வாளியின் கைப்பிடியில் நீங்களே முடிச்சுப் போட்டு இறக்கினீர்கள். இழுத்தபோது இரண்டு முழம் ஏறி நின்றது. கயிறு வழுக்கி வாளி தொபீரென்று தண்ணீரில் விழுந்தது. மறுபடி இழுத்தீர்கள். மறுபடி விழுந்தது. நான் துளசிச்செடிப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், கிட்டே வரத் தைரியம் இல்லை. கிணற்றுக்குள் பார்த்தபடியே கேட்டீர்கள்.

"வாளிய மாத்திட்டீங்களாம்மா? கனமா கீதே."

"ஆமாங்க மாமா. பெருசா வாங்கிட்டாரு."

"அதான பாத்தேன்" என்றீர்கள்.

அந்தக் கோடையில் நான் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தனியாக எழப் பார்த்து விழுந்தீர்கள். அதோடு படுக்கைதான். ஆடி பிறப்பதற்குள் போய்விட்டீர்கள்.

இப்போது என் மருமகள், "நீங்க உக்காருங்க அத்த, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். நல்ல பெண். அவள் கையிலிருந்து தண்ணீர்க் குடத்தை வெடுக்கென்று பிடுங்குகிறேன், அவள் முகம் சுண்டிப்போகிறது. எதிர்வீட்டில் பார்க்கிறார்களே என்று அவள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. கயிற்றின் கதையை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருகிறேன். இரண்டாவது கிறீச்சுக்குப் பிறகு, கூடத்திலிருந்து நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று காது தானாகவே காத்திருக்கிறது.

வாளியை நாங்கள் மாற்றவில்லை மாமா. அதே வாளிதான். முடிச்சுப் போடும்போது நீங்கள் சுற்றிய செம்புக் கம்பி உங்கள் விரலுக்கடியில்தான் இருந்தது. உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வாளியைப் பற்றிக் கேட்டதற்குப் பதில், கயிற்றை ஏன் ஒளித்துவைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.