ரெஜிலாவுக்காக ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

குவைத்,
9 ஜூன் 2024

கர்த்தருக்குள் அன்பான மகள் ரெஜிலாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று பிபின் சிரிக்கிறான். நெய்யாற்றின்கரைப் பையன், இங்கே பக்கத்து வீட்டில் டிரைவர். லீவில் வருகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். வேறு என்ன செய்ய? வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் தலைமாட்டில் வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் அவர் இடது கையால் பிடுங்கி வாசித்துவிடுகிறார். பக்கவாதம் அவர் வாயைக் கட்டியதே தவிர கண்ணையும் காதையும் கட்டவில்லை.

விஷயம் இதுதான். பி.எஸ்ஸி. முடித்து ஒரு வருஷத்தை வீட்டிலேயே கழித்துவிட்டாய். இந்த வருஷம் எம்.எஸ்ஸி. சேர்ந்தே ஆக வேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் மக்கா. அப்பாவுக்குத்தான் குமாரி மாமி இருக்கிறாளே. கூடப்பிறந்த அண்ணனை அவள் பார்த்துக்கொள்வாள் என்று நம்பித்தானே நான் விமானம் ஏறினேன். உனக்கு என்ன தடை? தனுவச்சபுரம் காலேஜில் படித்தபோது வராத கணக்குப் பயம் இப்போது வந்துவிட்டதா?

வேலைக்கு வந்த இந்த வீட்டுக்காரரின் தாய்க்குத் துணி மாற்றி, தலை வாரி, ஊட்டிவிட்டு நான் இங்கே காலம் தள்ளுவது, நீ ஒரு ஹயர் செகண்டரி ஸ்கூலில் கணக்கு டீச்சராக நிற்பதைப் பார்க்கத்தான். இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

உன் அம்மா,
கிருபாபாய்

•

பாறசாலை,
2 ஜூலை 2024

பிரியமுள்ள அம்மாவுக்கு,

பிபின் அண்ணன் கடிதத்தையும் பேரீச்சம்பழத்தையும் தந்தார். பழத்தை அப்பாவுக்குக் குழைத்துக் கொடுத்தேன். கடிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவருடைய இடது கை அவ்வளவு தூரம் எட்டாது.

விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஆனால் அம்மா, இந்த வருஷமே சேர வேண்டுமா? குமாரி மாமிக்கு முட்டுவலி, முன்போல வர முடிவதில்லை. உங்கள் கான்ட்ராக்ட் செப்டம்பரில் முடிகிறது. நீங்கள் வந்து சேருங்கள், நான் அடுத்த வருஷம் சேர்கிறேன். படிப்பு எங்கே ஓடிப்போகும்? கணக்கு எனக்குப் பயமில்லை. இராத்திரி தூக்கம் வராவிட்டால் அதைத்தான் போட்டுப் பார்க்கிறேன்.

செப்டம்பரில் கட்டாயம் வந்துவிடுங்கள்.

அன்பு மகள்,
ரெஜிலா

•

குவைத்,
18 ஆகஸ்ட் 2024

என் தங்க மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து உன்னைத் திட்டி ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டேன். போன வெள்ளிக்கிழமை, "அலாட்மென்ட் வந்துடுச்சு அம்மா, திருவனந்தபுரத்துல கிட்டியிருக்கு" என்று நீ சொன்னதற்குமேல் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அழுதுகொண்டே போனை வைத்துவிட்டேன். என் சத்தம் கேட்டு அந்த அம்மா படுக்கையில் பயந்துபோனார்கள்.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லி கான்ட்ராக்டைப் புதுப்பித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். உன் படிப்பு இரண்டு வருஷம், என் வேலையும் இரண்டு வருஷம். இரண்டும் சேர்ந்து முடியட்டும். பிறகு பி.எட். இருக்கிறது, டீச்சர் வேலைக்கான செட் பரீட்சை இருக்கிறது. கை வெறுமையாக இருந்தால் நடக்குமா?

சபைக்கு ஸ்தோத்திரக் காணிக்கையும் அனுப்பியிருக்கிறேன். நம் சபைப் பொருளாளர் கனகதாஸ் அதைப் போதகரிடம் சேர்த்துவிடுவார். போதகர் ஆராதனையில் உன் பெயரை வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு உட்காராதே. என் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போ.

மாமியின் முட்டுவலிக்குத் தைலம் அனுப்புகிறேன். முட்டுவலி யாருக்குத்தான் இல்லை?

சந்தோஷத்தோடு,
அம்மா

•

பாறசாலை,
22 செப்டம்பர் 2024

அம்மா,

நான் சேரவில்லை.

குமாரி மாமி ஈஸ்டருக்குப் பிறகு வருவதே இல்லை. மாமி மகன் அகிலின் மனைவிக்குப் பிள்ளை பிறந்து, லீவும் முடிந்து அவள் வேலைக்குப் போகிறாள். மாமி மகனோடு பாலராமபுரத்தில் இருக்கிறாள். போகும்போது என் கையைப் பிடித்து அழுதாள். "எனக்கும் ரெண்டு கைதானே உண்டு மக்கா, அந்தப் பிள்ளைய நோக்க வேற ஆளில்ல" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. உங்களிடம் சொன்னால் வேலையைப் பாதியில் விட்டு வருவீர்கள், பிறகு அப்பாவின் மருந்துக்கு எங்கே போவது என்று சொல்லாமல் இருந்தேன். செப்டம்பர்வரை தள்ளினால் போதும் என்று நினைத்தேன். போனில் அலாட்மென்ட் என்று சொன்னபோதும், சேர முடியாது என்பதை அப்பாவின் தலைமாட்டில் இருந்து எப்படிச் சொல்ல?

சேரக் கடைசி நாளன்று பக்கத்து வீட்டு விஜயம்மா அக்காவை அப்பாவின் பக்கத்தில் இருத்திவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். வண்டி வருவதற்குள் அக்கா கூப்பிட்டார். படுக்கை நனைந்து கிடக்கிறதாம், அப்பா அவரைத் தொடவிடவில்லையாம். திரும்பி வந்துவிட்டேன்.

வகுப்பு இன்னும் தொடங்கவில்லை என்றுதான் அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசித்தார்: பொன்னுதாஸ், கிருபாபாய் தம்பதியர், தங்கள் மகள் ரெஜிலாவுக்கு எம்.எஸ்ஸி. படிக்க இடம் அருளியதற்காக. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் உங்கள் பச்சைச் சேலையில் இருந்தேன். ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்தார் நேரே வீட்டுக்கு வந்து, அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்று பாடி ஜெபித்தார்கள். அதில் ஒருவர், "எந்த வண்டியில போற மக்கா?" என்று கேட்டார். "பாசஞ்சர்லயாக்கும்" என்று சொன்னேன். அப்பா என்னையே பார்த்தார்.

அன்றிலிருந்து என் கையால் கஞ்சி வாங்க மறுக்கிறார். பல்லைக் கடித்துக்கொள்கிறார், இடது கையால் வாசலைக் காட்டுகிறார். தான் இல்லாமல் போனால் நான் போவேன் என்று நினைக்கிறார். அதைவிடக் கொடுமை, கரண்டியோடு உட்கார்ந்திருக்கும்போது ஒரு நொடி எனக்கும் அந்த நினைப்பு வந்தது. இதை வேறு யாரிடம் சொல்வேன் அம்மா?

வந்துவிடுங்கள். அடுத்த வருஷ அலாட்மென்ட்டுக்குள் வந்தால் போதும். கட்டாயம் சேர்கிறேன்.

ரெஜிலா

•

குவைத்,
20 அக்டோபர் 2024

ரெஜிலா மகளுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன், அழுதும் கேட்டேன். கையெழுத்துப் போட்டாயிற்று, இரண்டு வருஷம் முடியாமல் விட முடியாது என்கிறார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய தாயை என்னைத் தவிர யாரும் தொட முடியவில்லை, அவர் என்ன செய்வார்? 2026 செப்டம்பரில் நான் ஊர் வந்து சேரும்போது அந்த வருஷ அட்மிஷனும் முடிந்திருக்கும்.

உனக்காகத்தான் வந்தேன். நான் வந்ததால்தான் நீ போக முடியவில்லை. உனக்கு அந்த நினைப்பு வந்ததற்காக உன்னை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இங்கே எனக்கும் வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை நீ ஸ்பீக்கரைப் போட்டதும் அப்பாவிடம் நான் சொன்னதைக் கேட்டாய் அல்லவா? "அவ போவா. நான் வந்த பெறவு கண்டிப்பா போவா. நீங்க கஞ்சி குடியுங்க." அவர் நம்பினால் நம்பட்டும். இனி படிப்பைப் பற்றி நான் உனக்கு எழுதமாட்டேன்.

கஞ்சி கொடுக்கும்போது அவரைப் படுத்தபடி வைக்காதே, புரையேறும். முதுகுக்கு இரண்டு தலையணை வை. பல்லைக் கடித்தால் கரண்டியால் நெம்பாதே, பல்லும் ஈறும் புண்ணாகும். கன்னத்தை மெதுவாகத் தடவிக்கொடு, தானாகத் திறப்பார். சின்னக் கரண்டியில் கொடு. தொண்டை அசைந்ததைப் பார்த்த பிறகு அடுத்த கரண்டி.

அம்மா