நகர்ந்துபோன மேடு

அன்பு மச்சாள் தர்ஷிக்கு,

நீ சொன்னதுதான் சரி. இதிலிருந்தே தொடங்குகிறேன். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் நீ குறுக்கே பேசுவாய்.

நேற்று செட்டிபாளையத்தில், உன் மேசையில், உன் மடிக்கணினியில் கணக்கை ஓடவிட்டுப் பார்த்தேன். பதினாறு ஸ்பின்களை என்னுடையது தாங்காது. மாமியிடம், உன் அம்மாவிடம், கேட்டேன். உறையிலிருந்து எடுத்து, துடைத்துத் தந்தார்.

வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சில வரிகள். நாங்கள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பௌதிகம் படித்தவர்கள். ஒரு குவாண்டம் துகள் ஒரே நேரத்தில் இரண்டு நிலைகளில் இருக்கலாம். தனியே விட்டால் அந்த இரண்டுக்கும் இடையிலான ஒத்திசைவு நிலைக்கும். ஆனால் எதையும் தனியே விட முடிவதில்லை. சூழல் தொடும். ஒத்திசைவு அதற்குள் கசிந்து போகும். துகள் மெல்லச் சூழலின் வெப்பநிலைக்கு வந்து சேரும். எங்கள் துகள் ஒரு ஸ்பின், மேல், கீழ் என்று இரண்டே நிலை கொண்டது. எங்கள் சூழல், அதன் பக்கத்தில் வரிசையாகக் கோத்த எட்டு ஸ்பின்கள்.

அந்த எட்டோடு முதலில் கணினியில் ஓடவிட்டபோது, ஒத்திசைவைக் காட்டும் கோடு விழுந்தது, எதிர்பார்த்தபடி. பிறகு யாரும் கேட்காமல் எழும்பியது. சின்ன மேடு. போன ஒத்திசைவு திரும்பி வந்திருந்தது. சூழல் மறப்பதில்லை என்று தலைப்பு வைத்து ஆய்வரங்குக்கு அனுப்பிவிட்டேன்.

நீ வாவியைக் கை காட்டினாய். "இது கண்டுபிடிப்பு இல்லகா. எட்டு ஸ்பின்னில கரை கிட்ட இருக்கு, அதான் அலை முட்டிக் கிறுகி வருது. முகத்துவாரம் வெட்டிக் கடலோட சேர்ந்த பிறகு தண்ணியத் தள்ளிப் பாரு, வருமா?"

உனக்குப் பொறாமை என்றேன். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். அதற்குப் பிறகு பத்து நாள்கூட நீ இருக்கவில்லை.

அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர், நீ இயற்கையோடு கலந்துவிட்டதாகச் சொன்னார். கலந்தால் திரும்ப எடுக்க முடியாது என்று கணக்குப் போட்டவர்கள் நாங்கள். அது எப்படி ஆறுதல்?

வருகிற வெள்ளி ஆய்வரங்கில் நான் பேச வேண்டும். சூழலைப் பெரிதாக்கும்போது மேடு நகர்ந்தால் பேச்சே இல்லை. பார்க்காமல் ஏறவும் மனம் வரவில்லை.

நேற்றுக் காலையில், சூழலை எட்டிலிருந்து பதினாறாக்கி ஓடவிட்டேன். மத்தியானம்வரை விசிறி இரைந்தது. மாமி சோறு போட்டுத் தந்துவிட்டு எதிரில் இருந்தார். எதற்காகச் சண்டை பிடித்தீர்கள் என்றார். சொன்னேன், பொறாமை என்ற அந்தச் சொல்லையும் சேர்த்து.

"தெரியும் மகள். வந்து சொன்னவள். அவளுக்குச் சிரிப்பு. 'ஒருநாள் பெரிசாக்கிப் பாப்பாள், அப்ப விளங்கும்' எண்டாள்."

சிரித்தாயா? மூன்று மாதமாக அது எனக்குத் தெரியாது.

கோடு வந்தது. மேடு இருந்த இடத்தில் இல்லை. இரண்டு மடங்கு நேரம் கழித்து, தாழ்ந்து, நின்றது. கரை இரண்டு மடங்கு தள்ளிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

"இப்ப ஆரு வெண்டது?"

"உங்கட மகள்தான் மாமி."

"அப்ப இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?"

பேச்சிலிருந்து விலகுவதாக, எங்கள் ஆய்வை வழிநடத்தும் சேருக்கு எழுதினேன். தலைப்பை மாற்று, பேச்சை விடாதே என்று பதில் வந்தது. திரும்பவும் கோட்டைப் பார்த்தேன். விழுந்த இடத்துக்கும் மேட்டுக்கும் நடுவே நீண்ட சமதரை. ஸ்பின் அங்கே சூழலின் வெப்பநிலையில் அமைதியாக இருக்கிறது. எட்டில் அதற்கு இடமே இருக்கவில்லை. மேட்டையே பார்த்துக்கொண்டிருந்திருந்தால் இதை நான் கண்டிருப்பேனா?

அதைத்தான் பேசப் போகிறேன். முதல் படத்தில் என் மேடு, பிழை என்ற குறிப்போடு. அடுத்ததில் கரையைச் சுட்டியவளின் பெயர். மாமி வருகிறார். எந்தச் சேலை என்பதுதான் இப்போது அவர் கவலை.

நான் சந்தோஷமாக இருக்கிறேன், தர்ஷி. தோற்றவள் இப்படிச் சொல்லலாமா தெரியாது.

ஒரு வாக்கு. இனி யார் என்னிடம் பிழை என்றாலும், முதலில் சூழலைப் பெரிதாக்கி ஒருதரம் ஓடவிட்டுப் பார்ப்பேன். கோபிப்பது அதற்குப் பிறகு.

உன் மாமி மகள், உன் மச்சாள்,
சுபா