சோளம் போடட்டுமா அண்ணி

என் வாயாடிக்கு,

இங்கே நானும் என் முட்டிவலியும் சண்டையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் போதும், வேறு குறை இல்லை. போனில் நிலம் என்றதுமே பதறினாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா போன பிறகு உன் பங்கு வயலைச் சித்தப்பாதான் உழுகிறார், அவரிடம் பத்திரமோ குத்தகைச் சீட்டோ கிடையாது, வெறும் வாய்ப்பேச்சு. அது உனக்குத் தெரியும். தெரியாதது, இத்தனை வருஷம் அனுபவித்தவருக்கே நிலம் சொந்தம் என்று கேஸ் போட அவருடைய மாப்பிள்ளை ஒரு வக்கீலைப் பிடித்தது. வக்கீல் கையெழுத்துக்குக் கூப்பிட்டபோது சித்தப்பா என்னையும் கிளம்பச் சொன்னார், நீங்க இல்லாம நிலத்தப் பத்தி என்ன பேச்சு அண்ணி என்று.

வக்கீலுக்குச் சின்ன அறை, சுவரை உரசிக்கொண்டு மூன்று நாற்காலி. யாரையும் கேட்காமல் உங்கள் நிலமாக நினைத்துத்தானே உழுதீர்கள் என்றார் வக்கீல். அதெப்படிங்க, ஒவ்வொரு விதைப்புக்கும் அண்ணியக் கேட்டுட்டுத்தானே டிராக்டர இறக்குவேன் என்றார் சித்தப்பா. வக்கீல் பேனாவை மூடிவிட்டார். சம்மதம் கேட்டு உழுதவருக்கு அந்த உரிமை வராதாம். மாமா, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க என்று மாப்பிள்ளை பல்லைக் கடித்தார். யோசிச்சா பொய்தான் வரும் மாப்ள என்றார் இவர்.

உனக்கு நினைவிருக்கும், சமையலறை வாசலில் செருப்பை விட்டு நின்று, சோளம் போடட்டுமா அண்ணி என்பார். உங்க வயலுக்கு என்கிட்ட என்ன கேள்வி, இதென்ன தாசில்தார் ஆபீஸா என்று நான் விரட்டுவேன். என் வாயை அவர் ஒருமுறைகூட நம்பவில்லை. நல்லவேளை. திரும்பும்போது பஸ்ஸில் நன்றி சொல்ல வாயெடுத்தேன், பம்பு செட்டில் ஏதோ சத்தம் வருகிறது என்று பேச்சை மாற்றிவிட்டார்.

மாப்பிள்ளை மேல் கோபம் வேண்டாம். நாளைக்கு நாம் விற்றுவிட்டால் மாமனார் பாடு என்ன என்ற பயம், அதிலும் நியாயம் இருக்கிறது. நீ வரும்போது சித்தப்பா பெயருக்குக் குத்தகை எழுதிக் கொடுத்துவிடுவோம், அவர் வேண்டாம் என்றாலும்.

நீயும் உன் வீடும் நிறைந்து இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே. நிலம் இப்போது உன் பெயரில் என்று சொல்லிவிட்டேன், இந்த முறை உன்னைத்தான் கேட்பார். போனை எடு. போடுங்க சித்தப்பா என்று மட்டும் சொல். எதுக்குக் கேக்கிறீங்க என்று என்னைப் போல விரட்டிவிடாதே.

உன் அம்மா