அம்மாவின் குரல் இருந்த கணினி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். போன் செய்து பார்த்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் நான் வேலை பார்க்கும் பார்சல் ஆபீஸ் கவுண்டரில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து இந்த மெயிலை எழுதுகிறேன்.

நீ டாக்ஸி ஏறிப் போன பிறகு அம்மா குளித்துவிட்டு வழக்கம்போல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரை கறுப்பாகவே நிற்கிறது. மேலே ஓரத்தில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: பூட் ஆவதற்கு எதுவும் கிடைக்கவில்லையாம். அணைத்துப் போட்டாலும் அதே வரிதான்.

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன்டா கிளறுகிறாய் என்று அப்போதே கேட்டேன். "ரொம்ப ஸ்லோவா இருக்குக்கா, புது சிஸ்டம் போட்டா பறக்கும்" என்றாய். பறந்தேதான் போய்விட்டது.

குறை சொல்ல எழுதவில்லை. தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மாவுக்கு வாய் என்று இருப்பது அது ஒன்றுதான். கை நடுக்கத்தில் பேனா பிடிக்க முடியவில்லை என்று அந்தப் பெரிய கீபோர்டை வாங்கித் தந்தவன் நீ. ஆபரேஷனுக்கு முன்னால் அவளை வார்த்தை வார்த்தையாகப் பேச வைத்துப் பதிந்து, டைப் அடித்தால் அவள் குரலிலேயே பேசும்படி செய்தவனும் நீ. அதை நான் மறக்கவில்லை. அந்தக் குரல் முழுக்க உள்ளே கிடக்கிறது. சீக்கிரம் ஒரு வழி சொல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கிளம்பும்போது நன்றாகத்தான் ஓடியது. நானே அணைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு யார் எதைத் தொட்டீர்கள்? தூசி தட்டுகிறேன் என்று ஒயரை எதுவும் இழுத்துவிட்டாயா?

பயப்படாதே. சுவிட்ச் போட்டதும் எஃப்-2 பட்டனை விடாமல் தட்டு. நீல நிறத்தில் ஒரு பக்கம் வரும். அதில் டிஸ்க் பெயர் தெரிகிறதா, பூட் வரிசையில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுது. அம்மாவின் குரல் டிஸ்க்கில் தனிப் பகுதியில் இருக்கிறது. அந்தப் பக்கமே நான் போகவில்லை.

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. போன் செய்யாதே, எழுது. அம்மாவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

தம்பி

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

யாரும் எதையும் தொடவில்லை. நீ சொன்னபடி பார்த்தேன். டிஸ்க் பெயர் தெரிகிறது. பூட் வரிசை காலியாக இருக்கிறது.

நேற்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வலியா என்றேன், ஆமாம் என்று தலையாட்டினாள். எப்போதிருந்து, எந்த மாதிரி வலி என்பதையெல்லாம் தலையாட்டிச் சொல்ல முடியுமா? டாக்டர் என்னைக் கேட்கிறார், நான் அம்மா முகத்தைப் பார்க்கிறேன். "அவங்களயே ஏதாவது சொல்லச் சொல்லுங்கம்மா" என்றார். வீட்டுக்கு வந்ததும் கையில் கொடுத்த டம்ளரைச் சுவரில் வீசினாள். அவள் ஒரு பொருளை வீசி நான் பார்த்ததே இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ புது சிஸ்டம் போடும்போது உன்னுடைய வெளி டிஸ்க்கும் அதில் சொருகியிருந்தது. போகும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாய். இரண்டு டிஸ்க் இருந்தால் கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் பூட் பைல் வேறு டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்வதும் உண்டு என்று படித்தேன். உன் டிஸ்க்கை ஒரு தடவை பாரேன்.

இன்னொன்று. இதற்கு முதலில் பதில் போடு. குரலுக்கு வேறு காப்பி வைத்திருக்கிறாயா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 13

அக்கா,

எங்கேயோ பாதி படித்துவிட்டு எனக்கே பாடம் எடுக்கிறாய். இது என் தொழில். என் டிஸ்க்கில் ஒன்றும் இருக்காது.

மேஜை டிராயரில் ஒரு பென் டிரைவ் விட்டுவந்திருக்கிறேன். அதைச் சொருகி, சிஸ்டத்தைத் திரும்ப நிறுவு. எப்படி நிறுவ என்று கேட்கும்போது முதல் வரியைத் தேர்ந்தெடு. மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். குழந்தைகூடச் செய்துவிடும்.

ஏதோ நான் கொலை செய்துவிட்டு ஓடிவந்த மாதிரி எழுதாதே. உன்னைப் போல அம்மா பக்கத்தில் இருக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

நிறுவிவிட்டேன். கம்ப்யூட்டர் ஓடுகிறது.

அம்மா பக்கத்திலேயே கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வரியில் "அழித்துவிட்டு" என்ற சொல் இருந்தது. என் கை நின்றது. பழைய குப்பையைத்தான் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சொன்னவன் நீ அல்லவா. திரையில் வெளிச்சம் வந்ததும் அம்மா கை தட்டினாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. குரல் இருந்த பகுதியே இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே வெற்று டிஸ்க்காக இருக்கிறது.

அவளிடம் அதை எப்படிச் சொல்ல? சிஸ்டத்தோடு வரும் குரல் ஒன்று இருந்தது, அதை வைத்துக் கொடுத்தேன். அம்மா ஒற்றை விரலால் அடித்தாள். "யார் இது?" என்று யாரோ ஒரு பெண் குரல் கேட்டது. பஸ் நிலையத்தில் அத்தனை காலம் அறிவிப்பு சொன்னவள் அம்மா, அவள் குரல் கேட்டு ஊரே பஸ் ஏறியது. நடுங்கும் கையை நீட்டி அவளே ஸ்பீக்கரை அணைத்தாள்.

காப்பி உண்டா, இல்லையா? இப்போதாவது சொல்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

காப்பி இல்லை. அடுத்த தடவை வரும்போது எடுக்கலாம் என்று இருந்தேன்.

உன் கடிதம் பார்த்துவிட்டு என் டிஸ்க்கைச் சொருகிப் பார்த்தேன். பூட் பைல் அதில்தான் விழுந்திருக்கிறது. இருக்கட்டும், அதனாலா குரல் போனது? அழிக்கட்டுமா என்று கேட்கும்போது ஒரு நிமிஷம் நின்று படித்திருக்க வேண்டாமா? முதல் வரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவதா?

மீட்டுத் தரும் கடை ஏதாவது இருக்கும், கொண்டு போய்க் கொடு. மாதக் கடைசியில் போன் செய்கிறேன். முன்பு மாதிரி போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வை. அம்மா எந்தக் குரலில் பேசினால் என்ன, அம்மாதானே. "சாப்பிட்டியாடா" என்று ஒரு வார்த்தை கேட்டால் எனக்குப் போதும்.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

கடையில் கொடுத்துப் பார்த்தேன். "பழைய பதிவு மேலேயே புதுசை எழுதிட்டீங்களேம்மா" என்றார்கள். கிடைத்த துண்டுகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

நான் படித்திருக்க வேண்டும். அந்த விரல் என்னுடையதுதான். அதோடு நான் இருந்துகொள்கிறேன். ஆனால் பூட் பைல் உன் பையில் இருந்தது. பார் என்று கெஞ்சினேன். பார்த்திருந்தால் அந்த வரி என் முன்னால் வந்தே இருக்காது. இதற்கு மேல் உன்னோடு எனக்கு எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். அவள் இப்போது சத்தம் இல்லாமல்தான் டைப் அடிக்கிறாள். அடித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்புவாள். அடித்தது இது: "அந்தப் பொம்பளை குரலில் என் பிள்ளையிடம் பேச மாட்டேன்."

நீ போன் செய். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. போனை அவள் காதில் வைத்துவிட்டு நான் அந்தப் பக்கம் போய்விடுவேன். நீ பேசு. இங்கிருந்து எந்தச் சத்தமும் வராது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

அக்கா