களி உருண்டை வீசுகிறவள்

இன்று காலை கம்பெனி பஸ் சானமாவுக் காட்டருகே நின்றுவிட்டது. யானைகள் சாலையைக் கடக்கின்றன, கொஞ்ச நேரம் ஆகும் என்று வனத்துறைக்காரர் ஒருவர் கைகாட்டிவிட்டுப் போனார். வெளியே ஒரே பனி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யானையும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. பஸ்ஸுக்குள் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். எனக்கும் கண் செருகிக்கொண்டு வந்தது. அப்போது பக்கத்து இருக்கைப் பெண், எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்தவள், செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அக்கா, இந்த கேம்ல ஒரு பொம்பள களி உருண்டைய எடுத்து அடிக்கிறாக்கா. நம்ம ஊட்டுக் களியேதான். பாருங்களேன்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. சேலையை வரிந்து கட்டி, இடுப்பில் களி கிண்டும் துடுப்பைச் செருகிக்கொண்டு நின்ற அவளை நான் உன் மடிக்கணினியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விளையாட்டு வெளியே வந்துவிட்டது என்று தெரிந்தும் நான் இறக்கிப் பார்க்கவில்லை. நீ போவதற்கு முன் கடைசியாக வரைந்ததை அவர்கள் சேர்த்துக்கொண்டார்களா, தூக்கிப் போட்டுவிட்டார்களா என்று பயம். தெரியாமல் இருந்தால் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? அப்படித்தான் இத்தனை நாளும் ஓட்டினேன்.

அப்போது ஓசூரில் நமக்கு ஒரே அறை. எனக்கு சிப்காட்டில் பம்பு சோதிக்கிற வேலை. நீ தினமும் ஜூஜுவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர்ப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போய், விளையாட்டுகளுக்குப் படம் வரைந்தாய். என்ன வேலை என்று அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அக்கா கேட்டபோது, "பொம்மைங்களுக்குச் சண்டை போடக் கத்துக் குடுக்கறேன்க்கா" என்றாய். அவர் அதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்தார்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் நீ. அரிசியைத் தவிர வேறொன்றைச் சோறு என்று ஒத்துக்கொள்ளாத வயிறு. நான் முதன்முதலில் ராகிக் களி கிண்டிய ஞாயிற்றுக்கிழமை, "என்னடி இது, சிமெண்டு மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வெறுங்கையை அதில் வைத்தாய். அப்புறம் விரல்களை ஊதிக்கொண்டு என்னைத் திட்டினாய்.

"சுடும்னு சொல்ல மாட்டியா?"

"ஆவி பறக்குது, கண்ணு தெரில? கைய தண்ணில நனச்சிக்கினு தொடணும்டி. தஞ்சாவூர்க்காரின்னு களி பாத்துச் சுடுமா?"

அடுத்து அதை மென்றாய். களி பல்லில் அப்பிக்கொள்ள, வாயைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நீ விழித்த விழியைப் பார்த்து வீட்டுக்கார அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்பதை உனக்குச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கெலமங்கலத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ வீணாக்கவில்லை. உங்கள் விளையாட்டில் மற்றவர்கள் நெருப்பையும் மின்னலையும் எறிந்துகொண்டிருக்க, நீ வரைந்தவள் மட்டும் பானைத் தண்ணீரில் கை நனைத்து, சுடச்சுடக் களியை உருட்டி எதிரியின் வாயைப் பார்த்து எறிந்தாள். வாயில் பட்டால் போதும், அவன் மெல்ல ஆரம்பித்துவிடுவான். மெல்லுகிற வரைக்கும் கை கால் ஓடாது. அவன் முழிப்பதற்கு நீ உன் முழியையே போட்டிருந்தாய்.

அதற்காக எத்தனை ஞாயிறுகள் என்னைக் களி உருட்ட வைத்தாய். ஜன்னல் வெளிச்சத்தில் ஆவி மெல்ல மேலே போகும். தூரத்தில் நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல், பிறகு அதுவும் கேட்காது. "இன்னொரு தடவ உருட்டுடி. மெதுவா" என்பாய். நான் உருட்டுவேன். நீ போனில் படம் பிடிப்பாய். பசி தீர்ந்த பிறகும் உருட்டிக்கொண்டிருப்பேன். நேரம் எங்கே போனது என்று தெரியாது. இப்போது நினைத்தால் அந்த மதியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மதியமாகத்தான் தெரிகின்றன.

ஒருநாள் நீ வரைந்தவள் சண்டை போடுவதை வீட்டுக்கார அக்காவுக்குப் போட்டுக் காட்டினாய். பார்த்துக்கொண்டே வந்தவர் திடுக்கென்று தெலுங்குக்குத் தாவினார். "ஐயய்யோ, எடம சேத்தோனா? எடக்கையில யாராச்சும் அன்னம் தொடுவாங்களா?"

அப்புறம்தான் நாமும் கவனித்தோம். ஒரு பக்கம் பார்த்து நிற்பதை மட்டும் வரைந்தால் போதுமாம். ஆள் மறுபக்கம் திரும்பும்போது கணினி அதே படத்தைக் கண்ணாடியில் காட்டுவதுபோல் திருப்பிப் போட்டுக்கொள்ளுமாம். வலக்கை இடக்கை ஆகிவிடும். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான், எவனும் பார்க்கப் போவதில்லை என்று உன் மேலாளர் சொல்லிவிட்டார். நானும்கூட விட்டுவிடு என்றேன். நீ விடவில்லை.

"நெருப்ப எந்தக் கையால வேணா எறியலாம்டி. இது சோறு. எதிரியா இருந்தாலும் சோத்துக் கையாலதான் போடணும்."

வேலை நேரத்தில் அதற்கு இடம் கிடைக்காததால் வீட்டில் உட்கார்ந்து மறுபக்கம் முழுவதையும் புதிதாக வரைய ஆரம்பித்தாய். அதற்குள் உன் கண் மஞ்சளாகிவிட்டது. காமாலை, ஊருக்குப் போய் நாட்டு மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் பையோடு மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு போனாய். மருத்துவமனையிலிருந்து ஒருமுறை பேசினாய். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"முடிச்சு அனுப்பிட்டேன்டி. எடுத்துக்குவாங்களான்னு தெரியல. வெளிய வந்ததும் நீ பாத்துச் சொல்லு."

"நீயே பாத்துக்கோ. எனக்கு அதெல்லாம் வெளையாட வராது" என்றேன். சிரித்தாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

இன்று அந்தப் பெண்ணிடம் போனை வாங்கினேன். நம்மவளைத் தேர்ந்தெடுத்தேன். எதிரே ஒரு குண்டு மல்லன். பொத்தானை அழுத்தினேன். அவள் நான்கு விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்து உருட்டி எறிந்தாள். அது என் கை. என் கண்ணாடி வளையல்கூட இருந்தது. ஆனால் நான் பார்க்க வேண்டியது மறுபக்கம். அதற்கு ஒன்று நான் அவனைத் தாண்டிக் குதிக்க வேண்டும், அல்லது அவன் என்னைத் தாண்ட வேண்டும். எனக்குக் குதிக்க வரவில்லை. அடி வாங்கிக்கொண்டே நின்றேன்.

"இன்னாக்கா, சும்மா நிக்கிறீங்க? அடிங்கக்கா" என்று அவள் பதறினாள்.

கடைசியில் அவனே என் தலைக்கு மேலே தாவி அந்தப் பக்கம் இறங்கினான். நம்மவள் திரும்பினாள். அழுத்தினேன்.

வலக்கை. சேர்த்திருக்கிறார்கள், அடியே, சேர்த்துவிட்டார்கள். ஆனால் இந்தக் கை விரல் நுனியோடு நிற்கவில்லை. மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் போனது. வெளியே வந்து, படபடவென்று உதறிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டு களியைத் தொட்டது. எங்கள் ஊரில் ஒருத்தியும் அப்படிச் செய்யமாட்டாள். ஒருமுறை சுட்டுக்கொண்ட தஞ்சாவூர்க்காரிதான் செய்வாள். நான் ஷிப்டுக்குப் போன நேரங்களில், உருட்டிக் காட்ட ஆள் இல்லாமல், நீ உன் கையையே பார்த்து வரைந்திருக்கிறாய். வளையல் இல்லாத உன் கை.

நான் அழுதேன். பஸ்ஸில் எல்லார் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதேன். யானை போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். பஸ் கிளம்பியதுகூட எனக்குக் கனவில் நகர்வதுபோல் இருந்தது.

மதியமே அதை என் போனில் இறக்கிவிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் விளையாடினேன். அந்தப் பெண் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, அவன அந்தப் பக்கம் தாண்ட உடாதீங்க. ஓரத்துல மாட்டிக்கினு தோத்துடுவீங்க."

கண்டபடி தோற்றேன். ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கியதும் முதல் வேலையாக அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். இனிமேலும் அப்படித்தான் ஆடப்போகிறேன். அவன் தாண்டட்டும். அவன் தாண்டினால்தான் நீ வருகிறாய்.